ஈஸ்னோ

எங்கள் பக்கத்தில் ஈஸ்னோபீலியா என்று முழுசாகச் சொல்பவர்கள் குறைவு. ஈஸ்னோ, அவ்வளவுதான். "பையனுக்கு ஈஸ்னோ இருக்குது", "பனிக்காலம் வந்தா ஈஸ்னோ ஏறிடும்", "அவங்க வீட்ல எல்லாருக்குமே ஈஸ்னோ". சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதியின் பெயர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது ஒரு வெள்ளை அணுவின் பெயர். நம் எல்லோர் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கிற, இருக்க வேண்டிய அணு. அதன் எண்ணிக்கை எப்படி ஒரு வியாதியாக மாறியது, அந்த வியாதிப் பெயர் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

வடக்குத்து நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி இருக்கிறது. ஊரும் இல்லாத, நகரமும் இல்லாத இடம். ரோட்டோரத்தில் மெடிக்கல் ஷாப், பக்கத்திலேயே ரத்தப் பரிசோதனை நிலையம், அதற்குப் பக்கத்தில் டீக்கடை. தொண்ணூறுகளின் கடைசியில் அக்காவுக்குப் பதினோரு வயசு இருக்கும்போது இருமலும் இழுப்பும் ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். மூச்சை வெளியே விடும்போது பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். வந்த சீட்டில் 12 என்ற எண்ணைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம். "ஈஸ்னோதான். பயப்பட ஒண்ணுமில்ல" என்றாராம். அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் பலாப்பழம் கிடையாது. பண்ருட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பலாப்பழம் இல்லாத வீடு எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். வாழைப்பழம், தயிர், ஐஸ், தலைக்குக் குளியல் எல்லாம் அந்தப் பன்னிரண்டின் கணக்கில் நின்றுபோயின.

அந்த 12 எங்கிருந்து வந்தது?

அந்தக் காலத்துச் சீட்டுகளில் மூன்று வரி இருக்கும். டிசி, டிசி, ஈஎஸ்ஆர். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். முதல் டிசி டோட்டல் கவுண்ட்: ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் மொத்தம் எத்தனை வெள்ளை அணுக்கள். இரண்டாவது டிசி டிஃபரென்ஷியல் கவுண்ட்: அந்த வெள்ளை அணுக்களில் எந்த வகை நூற்றுக்கு எத்தனை. முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு அர்த்தம் பாதிதான். இந்த இரண்டு டிசியும் எங்கள் வீட்டில் கடைசிவரை கலந்தேதான் கிடந்தன.

சில வருஷங்களுக்கு முன்னால், ஊருக்குப் போயிருந்தபோது, தெரிந்த லேப் டெக்னீசியன் அண்ணன் ஒருவரிடம் கேட்டு உட்கார்ந்து பார்த்தேன். மெஷின் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனாலும் பழைய சாமான்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். "கரண்ட் இல்லன்னா இதான்" என்றார். மின்சாரம் தயாரிக்கிற ஊரில் இப்படிச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

டோட்டல் கவுண்ட் எடுக்க நியூபவர் சேம்பர் என்று ஒரு கண்ணாடி இருக்கிறது. பார்க்க ஸ்லைடு மாதிரி, ஆனால் தடிமன். நடுவில் கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள் செதுக்கியிருக்கும். ரத்தத்தை ஒரு குழாயில் 0.5 கோடு வரை இழுத்து, 11 கோடு வரை ஒரு திரவத்தை இழுத்தால் இருபது மடங்கு நீர்த்துவிடும். திரவத்தில் இருக்கும் அசிட்டிக் அமிலம் சிவப்பணுக்களை உடைத்துவிடுகிறது. ஊதாச் சாயம் வெள்ளை அணுவின் உட்கருவை மட்டும் காட்டிக்கொடுக்கிறது. மூலைக்கு ஒன்றாக நான்கு பெரிய கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மில்லிமீட்டர், ஆழம் 0.1 மில்லிமீட்டர். நான்கிலும் சேர்த்து 0.4 கன மில்லிமீட்டர். எண்ணிக் கிடைத்ததை 50ஆல் பெருக்க வேண்டும். 184 அணு எண்ணினால் 9,200. இடது பக்கக் கோட்டிலும் மேல் கோட்டிலும் தொட்டுக்கொண்டிருப்பதை எண்ணலாம், வலது பக்கமும் கீழும் தொடுவதை எண்ணக்கூடாது. ஒரே அணுவை இரண்டு தடவை எண்ணிவிடாமலிருக்க இந்த விதி. நிரல் எழுதுகிறவர்கள் தொடக்க எண்ணைச் சேர்த்து, முடிவு எண்ணை விட்டுவிடுவோமே, அதே யோசனைதான்.

டிஃபரென்ஷியலுக்கு வேறு வேலை. ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் சாய்த்துத் தள்ள வேண்டும். நாக்கு வடிவத்தில் ஒரு மெல்லிய படலம் விழும். தடிமனாகிவிட்டால் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், ரொம்ப மெல்லிசானால் சிதைந்துபோகும். "இதுக்கு மட்டும் ஆறு மாசம் கையடிச்சேன்" என்றார் அண்ணன். காய்ந்ததும் லீஷ்மன் சாயம். ஓரிரண்டு நிமிஷம் கழித்து அதன்மேலேயே இரண்டு பங்கு தண்ணீர், பிறகு பத்து நிமிஷம் போலக் காத்திருப்பு, கழுவல். எண்ணெய் லென்ஸுக்குக் கீழே பார்த்தால் இளஞ்சிவப்பு வயலில் நீலம் நீலமாய் வெள்ளை அணுக்கள். நியூட்ரோஃபிலுக்கு உட்கரு மூன்று நான்கு துண்டாய்ப் பிரிந்திருக்கும். லிம்ஃபோசைட் ஒரே உருண்டை. மோனோசைட் பெரிசு, உட்கரு சிறுநீரகம் மாதிரி வளைந்திருக்கும். பேசோஃபில் தேடினாலும் கிடைக்காது. ஈஸ்னோஃபில் வந்தால் தவறவே விட முடியாது. மூக்குக்கண்ணாடி மாதிரி இரட்டை உட்கரு, சுற்றிலும் செக்கச்செவேல் என்று ஆரஞ்சு மணிகள். இவ்வளவு அழகான பொருளையா இத்தனை வருஷம் திட்டிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

அந்த ஆரஞ்சு நிறத்துக்கு ஒரு கதை உண்டு. இயோசின் என்பது 1870களில் ஜெர்மனியில் துணிக்குச் சாயம் போடுவதற்காகக் கண்டுபிடித்த பொருள். நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்த ரசாயனங்களை வைத்துச் செய்தது. ஈயோஸ் என்றால் கிரேக்கர்களுக்கு விடியலின் தேவதை, நிறம் அப்படி. பால் எர்லிக் இந்த மாதிரிச் சாயங்களை ரத்தத்தின்மேல் போட்டுப் பார்த்து, 1879இல் இந்தச் சாயத்தை மட்டும் ஆசையோடு உறிஞ்சிக்கொள்ளும் அணுவுக்கு ஈஸ்னோஃபில் என்று பெயர் வைத்தார். இயோசினை விரும்புவது என்று பொருள். இந்தியாவில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் 1901இல் வெளியிட்ட கலவைதான் இன்றும் நம் ஊர் லேப்களில் இருக்கும் சாயப் புட்டி. பழுப்பு நிலக்கரி தோண்டும் ஊரில், கரித் தாரின் நிறத்தில் ஒரு வியாதிக்குப் பெயர் வந்திருக்கிறது.

எண்ணும்போது அண்ணன் படலத்தின் நடுவில் நேராகப் போகவில்லை. மேலே, பக்கவாட்டில், கீழே, மறுபடி பக்கவாட்டில் என்று கோட்டைச் சுவர் மாதிரி வளைந்து வளைந்து போனார். பெரிய அணுக்கள் ஓரத்துக்கும் வால்பகுதிக்கும் ஒதுங்கிவிடுமாம். ஒரே இடத்தில் எண்ணினால் கணக்கு சாய்ந்துவிடும். ஒரு விசைப்பெட்டியில் வகைக்கு ஒரு பட்டன். நூறாவது அணுவுக்கு மணி அடித்தது. நிறுத்தினார். நூறுதான். ஒரு கன மில்லிமீட்டரிலேயே ஆயிரக்கணக்கில் இருப்பதில் நூறு.

எனக்கு அந்த மணிச் சத்தம்தான் மனசில் நின்றது. வேலையில் நாங்கள் ஒரு பட்டனை நீலமாக்கலாமா பச்சையாக்கலாமா என்று முடிவெடுக்கவே பல்லாயிரம் பேரின் கிளிக்கைப் பார்க்கிறோம். நூறு பேரைப் பார்த்து முடிவு சொன்னால் மேனேஜர் சிரிப்பார். நூறில் 12 ஈஸ்னோஃபில் என்று எண்ணினால், வெறும் தற்செயலின் கணக்குப்படியே, உண்மையான அளவு 6இலிருந்து 20 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நூறில் 5 என்றால் 2 முதல் 11 வரை. டெக்னீசியனின் குறை இல்லை இது. எவ்வளவு கவனமாக எண்ணினாலும் நூறு என்ற எண்ணுக்குள்ளேயே இருக்கும் மங்கல். போதாததற்கு ஈஸ்னோஃபில் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் குறையும், ராத்திரியில் கூடும். ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டால் சில மணி நேரத்தில் கிட்டத்தட்டக் காணாமலே போய்விடும்.

அக்காவின் சீட்டுகளை அம்மா ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார். 12, அடுத்து 7, அடுத்து 14. ஏழு வந்த மாசம் வீட்டில் திருவிழா. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். பதினான்கு வந்தபோது யார் வீட்டுக் கல்யாணத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டாள் என்று விசாரணை. அவள் அழுதுகொண்டே சாப்பிடவில்லை என்றாள். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், 7க்கும் 14க்கும் நடுவே உண்மையிலேயே எதுவும் மாறியிருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் இந்த எண்ணிக்கையைக் கேலி செய்துவிட்டுப் போக முடியாது. இதே எண் ஒரு காலத்தில் ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில், ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியம். டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமோட் மோல்லர் அங்கே இருந்தார். இருமல், இளைப்பு, எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாய் நிழல். பார்த்தால் காசநோய். ஆனால் சிலருக்குச் சளியில் கிருமியே கிடைக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்தால் ஈஸ்னோஃபில் குவிந்து கிடந்தது. 1940இல் அவரும் பார்ட்டனும் இதைக் காசநோய் போலத் தோன்றும் வேறொரு நோய் என்று எழுதினார்கள். 1943இல் வைன்கார்டன் லான்செட் இதழில் இதற்கு டிராபிகல் ஈஸ்னோபீலியா என்று பெயர் கொடுத்தார். காசநோய் என்ற சொல் ஒரு குடும்பத்தையே ஊரிலிருந்து ஒதுக்கிவிடக்கூடிய காலம் அது. மைக்ராஸ்கோப்பில் ஒருவர் ஆரஞ்சு மணிகளை எண்ணியதால் சிலர் அந்தச் சொல்லிலிருந்து தப்பினார்கள்.

மருந்து வந்த வழியும் நம் பக்கத்து வழிதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். யானைக்கால் புழுவுக்கான டைஎத்தில்கார்பமசீன் 1947இல் அங்கிருந்து வெளிவந்தது. அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார். டிஇசி என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த மாத்திரை டிராபிகல் ஈஸ்னோபீலியாவுக்கும் கேட்டது. சிங்கப்பூரில் டி.ஜே. தனராஜ் 1958இல் அதைப் பற்றி எழுதினார். யானைக்கால் மருந்து இதற்குக் கேட்கிறதென்றால் காரணமும் அந்தப் புழுவாகத்தான் இருக்குமா? ரத்தத்தில் தேடினால் புழுக்குஞ்சு அகப்படவில்லை. 1960இல் வேலூர் சிஎம்சியில் வெப், ஜாப், கால்ட் மூவரும் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க்கணுத் திசுக்களுக்குள்ளே அதைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். உடம்பு அளவுக்கு மீறிச் சண்டை போட்டு, குஞ்சுகளை ரத்தத்திலிருந்து வடிகட்டி நுரையீரலில் வைத்தே தாக்குகிறது. அந்தப் போரின் சத்தம்தான் இருமலும் இழுப்பும்.

எங்கள் கடலூர்ப் பக்கம் யானைக்கால் தெரியாத ஊர் இல்லை. ராத்திரியில்தான் அந்தப் புழுக்குஞ்சு ரத்த ஓட்டத்துக்கு வரும் என்பதால், சுகாதாரத் துறைக்காரர்கள் இருட்டிய பிறகு வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் வீடு வீடாக டிஇசி மாத்திரை கொடுப்பார்கள். அதனால் ஒரு டாக்டர் இழுப்பைப் பார்த்ததும் டிராபிகல் ஈஸ்னோபீலியாவை நினைத்ததில் தப்பே இல்லை. நினைத்ததோடு ஒரு பெருக்கல் போட்டிருக்க வேண்டும்.

டிராபிகல் ஈஸ்னோபீலியா என்று சொல்ல, ஒரு கன மில்லிமீட்டரில் ஈஸ்னோஃபில் மட்டும் 3,000க்கு மேல் இருக்க வேண்டும். சாதாரணமாக 500 வரை இருக்கலாம். அக்காவின் முதல் சீட்டில் டோட்டல் 9,200. அதில் நூற்றுக்கு 12 என்றால் 1,104. கூடுதல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 3,000க்குப் பாதிகூட இல்லை. எண்ணிக்கையின் மங்கலை எவ்வளவு தாராளமாகச் சேர்த்தாலும் 3,000 வராது. ஆயிரம் அளவில் ஈஸ்னோஃபில், ராத்திரி இழுப்பு, பனியில் கூடுவது, அப்பாவின் அம்மாவுக்கும் இருந்தது. இவையெல்லாம் சேர்ந்து வேறு ஒரு பெயரைச் சொல்கின்றன. ஆஸ்துமா.

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்ததுதான் பிரச்சினை. அக்காவுக்கு இருபது தாண்டியதும் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு இருமல் வந்தது. வந்திருந்த அம்மா ஒருவர், "பொண்ணுக்கு வீசிங்கா?" என்றார். எங்கள் அத்தை முந்திக்கொண்டார். "சேச்சே, ஆஸ்துமாலாம் இல்லீங்க. வெறும் ஈஸ்னோ. மாத்திர போட்டா எறங்கிடும்." எதிரில் இருந்தவர் முகம் தெளிந்துவிட்டது. "எங்க பெரியவனுக்கும் சின்னதுல இருந்துச்சு" என்றார். ஆஸ்துமா உள்ளவளைக் கட்டிக்கொடுப்பது கஷ்டம்; ஈஸ்னோ உள்ளவளைக் கட்டிக்கொடுக்கலாம். மதனப்பள்ளியில் ஒரு பயங்கரமான சொல்லிலிருந்து ஆட்களை விடுவித்த அதே எண், வடக்குத்தில் இன்னொரு சொல்லை உள்ளே விடாமல் கதவில் நின்றது. முதலாவது சரியான சிகிச்சைக்கு வழிவிட்டது. இரண்டாவது வழியை அடைத்தது.

அக்கா மூன்று முறை முழுக் கோர்ஸ் டிஇசி சாப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் குமட்டல். இழுப்பு ரொம்ப வந்தால் ஒரு ஊசி. அது போட்டதும் மூச்சும் நன்றாகும், அடுத்து எடுக்கும் சீட்டில் ஈஸ்னோவும் இறங்கியிருக்கும். "பாத்தியா, எறங்கிடுச்சு" என்பார் அம்மா. கல்யாணமாகிச் சென்னை போன பிறகு, ஒரு மார்கழி ராத்திரியில் உதடு நீலம் பாரித்து ஆட்டோவில் கொண்டுபோனார்கள். மூன்று நாள் ஆக்சிஜனில் இருந்தாள். டிஸ்சார்ஜ் ஆகும்போது நுரையீரல் டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். மருந்து கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார். இரண்டு வளைகோட்டுக்கும் இருந்த இடைவெளியை விரலால் காட்டி, "இதுதான்மா ஆஸ்துமா" என்றார். இருபது வருஷத்தில் அவளை ஊதச் சொன்ன முதல் ஆள் அவர்தான். இன்ஹேலரைப் பார்த்ததும் அம்மா, "இது பழகிடுமேடி" என்றார். "மூச்சுகூடத்தான் பழகிடுச்சு, விட்றட்டுமா?" என்றாள் அக்கா.

இப்போது வடக்குத்திலும் மெஷின்தான் எண்ணுகிறது. அமெரிக்கப் பொறியாளர் வாலஸ் கூல்டர் 1953இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. உப்புக் கரைசலில் ஒரு சின்னத் துளை, அதன் வழியே மின்சாரம். அணு ஒன்று துளையைக் கடக்கும்போது மின்தடை ஒரு கணம் கூடும். துடிப்பு எவ்வளவு உயரமோ அணு அவ்வளவு பெரிசு. நூறுக்குப் பதில் ஆயிரக்கணக்கில், ஒரு நிமிஷத்துக்குள் எண்ணிவிடும். எனக்குப் பிடித்தமான வேலை. ஆனால் இதிலும் ஒரு சங்கதி உண்டு. சின்ன லேப்களில் இருக்கும் மலிவான மெஷின் அணுக்களை அளவை வைத்து மூன்று கூட்டமாகத்தான் பிரிக்கிறது. சின்னது லிம்ஃபோசைட், பெரிசு கிரானுலோசைட், நடுவில் மிட். ஈஸ்னோஃபிலுக்கென்று தனி வரி கிடையாது, கூட்டத்தோடு கலந்துவிடும். அதைத் தனியாகச் சொல்ல, லேசர் ஒளி சிதறுவதையும் பார்க்கும் ஐந்து வகை மெஷின் வேண்டும். அதுவும் குழம்பினால் ஒரு எச்சரிக்கைக் குறி போடும். அந்தக் குறி வந்தால் யாராவது ஒருவர் ஸ்லைடு தேய்த்து, சாயம் போட்டு, கண்ணால் பார்த்தாக வேண்டும். இளம் அணுக்களோ புற்றணுக்களோ நுழைந்திருந்தால் கண்டுபிடிக்கக் கடைசி நம்பிக்கை அந்தக் கண்தான். "குறி வந்தாலும் சில பேர் பாக்காம சைன் போட்டுருவாங்க தம்பி" என்றார் அண்ணன்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஈஸ்னோவை வில்லனாக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் போன வருஷம் அக்காவின் டாக்டர் மறுபடி ஈஸ்னோஃபில் எண்ணிக்கை கேட்டார், சதவீதமாக இல்லாமல் முழு எண்ணாக. ஆஸ்துமாவிலேயே பல வகை இருக்கிறது, ஈஸ்னோஃபில் தூண்டும் வகைக்கு இன்ஹேலரில் போகும் ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும், கட்டுக்குள் வராத கடுமையான ஆஸ்துமாவுக்கு அந்த அணுவையே குறிவைக்கும் மெபோலிசுமாப் மாதிரி ஊசிகள் 2015க்குப் பிறகு வந்திருக்கின்றன, யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க 150, 300 என்ற எல்லைகளைப் பார்க்கிறார்கள் என்று விளக்கினார். அக்காவுக்கு அந்த ஊசி தேவைப்படவில்லை. ஆனால் அவள் போனில் சொன்னது: "அப்ப அந்த டாக்டர் சொன்னதும் முழுப் பொய் இல்லடா. எனக்கு இருக்கறது ஈஸ்னோவும்தான், ஆஸ்துமாவும்தான்." அந்த எண் அன்றைக்கும் சரியான திசையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பெயராக வைத்துக்கொண்டதால் எங்களுக்குத் திசை தெரியாமல் போனது.

இந்த ஜூனில் அக்கா மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். அவளுக்கும் பனியில் இழுக்கிறது. பள்ளிக்கூடப் படிவத்தில் ஏதாவது நோய் உண்டா என்று ஒரு கட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஈஸ்னோன்னு போடேன், பொம்பளப் புள்ளயாச்சே" என்றார். அக்கா பதில் பேசவில்லை. கட்டத்துக்குள் பேனாவால் ஆஸ்துமா என்று எழுதினாள். அடுத்த வரியில், இன்ஹேலர் பையின் முன் ஜிப்பில் இருக்கும், இழுத்தால் எடுத்துக்கொடுக்கவும் என்று எழுதி, பி.டி. டீச்சர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள்.